செருப்பணிய ஓர் ஆணை: கொங்கு நாட்டிலிருந்து அரசியல் சிந்தனையை வாசித்தல்

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட அரசன் கொங்கு நாட்டுக் கம்மாளருக்கு விடுத்த ஆணையைச் சொல்கிறது. அவனுடைய 15-ஆம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல், கம்மாளர் தங்கள் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவுதான் அந்த ஆணை. கோயில் கட்டிய தச்சரும் கொத்தரும், ஏருக்குக் கொழு அடித்த கொல்லரும் அந்த ஆடி மாதத்துக்கு முன்பு இவற்றைச் செய்ய முடியாமல் இருந்திருக்கிறார்கள் என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம்.

பத்திரம் எழுதுவது என் தொழில். ஒருவருக்கு உரியதை எழுத்தில் நிறுத்துவது எப்படி என்ற கேள்வியோடுதான் என் நாட்கள் கழிகின்றன. அதனால்தான் இந்தக் கல்வெட்டு என்னை விடாமல் பற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன். ஒரு மனிதன் செருப்பணிவதை யார் முடிவு செய்வது? மன்னன் அன்று தாராள மனத்துடன் முடிவு செய்தான். அது நல்ல முடிவுதான். ஆயினும் முடிவு செய்யும் இடத்தில் அவன் இருந்தான், பெற்றுக்கொள்ளும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள். இந்திய அரசியல் சிந்தனையைப் பண்டைய அரசு நூல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் சமூகச் சீர்திருத்தம் வரை படித்துக்கொண்டு வரும்போது, இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான தொலைவு எப்போது, யாரால் குறைந்தது என்பதையே நான் தேடியிருக்கிறேன். அதற்கான சான்றுகள் பலவும் நம் கொங்கு மண்ணிலேயே கிடைக்கின்றன.

கௌடில்யர் எழுதியதாகச் சொல்லப்படும் பண்டைய அரசு நூலான அர்த்தசாத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்த நூலின் ஓலைச்சுவடி ஒன்றைத் தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். கிரந்த எழுத்தில் இருந்த அதை 1905-இல் அடையாளம் கண்ட சாம சாஸ்திரி, 1909-இல் மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். 15 அதிகரணங்கள், அதாவது பெரும்பிரிவுகள், கொண்ட அந்த நூலைச் சூழ்ச்சிக்கும் ஒற்றுக்கும் நஞ்சுக்குமான கையேடாகவே பலரும் பேசுகிறார்கள். அந்தப் பகுதிகள் அதில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பொறுமையாகப் படிப்பவருக்கு அதன் இரண்டாம் அதிகரணம்தான் உண்மையான செல்வம். சுரங்கம், நெசவு, எடை, சுங்கம், உழவு, கள், யானை என ஒவ்வொரு துறைக்கும் ஒரு கண்காணிப்பாளர், அவருக்குரிய கடமை, தவறினால் தண்டம் என்று அரசு என்னும் பெரிய அமைப்பின் அன்றாட வேலை அதில் விரிகிறது. வேளாண்மை நிலத்துக்கான நீர்வரியைப் பாருங்கள்: கையால் இறைத்துப் பாய்ச்சினால் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு, தோளில் சுமந்து பாய்ச்சினால் நான்கில் ஒரு பங்கு, பொறியமைத்து நீரை ஓடவிட்டுப் பாய்ச்சினால் மூன்றில் ஒரு பங்கு. உழைப்பு கூடக்கூட வரி குறைகிறது. எருது பூட்டித் தோல்பையால் நீர் இறைக்கும் கவலை ஏற்றி இறைத்த கிணறுகளை நினைவில் வைத்திருக்கும் கொங்கு உழவர் எவருக்கும் இந்தக் கணக்கின் நியாயம் உடனே புரியும். புதிதாக ஏரி வெட்டினால் ஐந்தாண்டு வரிவிலக்கு, பழுதடைந்ததைச் சீர்செய்தால் நான்காண்டு என்றும் அந்த நூல் சொல்கிறது.

என் தொழில் காரணமாக நான் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் பகுதி, ஆணைகளை எழுதுவது பற்றிய அதிகாரம். பொருள் ஒழுங்கு, முன்னுக்குப் பின் முரணாமை, நிறைவு, இனிமை, கண்ணியம், தெளிவு என்று எழுத்தின் ஆறு குணங்களைக் கௌடில்யர் அங்கே வகுக்கிறார். அரசு என்பது பெருமளவுக்கு எழுத்தால் நடப்பது என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்த பழைய நூல் வேறொன்றை நான் படித்ததில்லை. அதிகாரிகள் அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் 40 என்று எண்ணிக்கையிட்டுப் பட்டியல் தருபவரும் இவரே. நீருக்குள் இருக்கும் மீன் எப்போது நீர் குடிக்கிறது என்று அறிய முடியாததைப்போல, பொருளைக் கையாளும் அதிகாரி எப்போது எடுத்துக்கொள்கிறான் என்பதையும் அறிய முடியாது என்கிறார்.

இந்த நூலின் அறநெஞ்சத்தையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். குடிகளின் இன்பமே அரசனின் இன்பம், குடிகளின் நலமே அவன் நலம் என்ற புகழ்பெற்ற சுலோகம் வெறும் அலங்காரம் இல்லை. திருட்டுப்போன பொருளை அரசு மீட்டுத்தர இயலாவிட்டால் அரசன் தன் பொருளிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்ற விதி அதே நூலில் இருக்கிறது. காவல் என்பது அரசன் வாங்கும் வரிக்கு அவன் செய்யவேண்டிய கைம்மாறு என்ற எண்ணம் அங்கே வேர் கொண்டுவிட்டது. இருப்பினும் அதே கைதான், நகரத்தின் அமைப்பைச் சொல்லும்போது சண்டாளர்களின் இருப்பிடத்தைச் சுடுகாட்டின் ஓரத்தில் குறிக்கிறது. வருணத்துக்கு வருணம் தண்டத்தை மாற்றுகிறது. குடிகளின் நலம் என்ற சொற்களுக்குள் எல்லாக் குடிகளும் ஒரே அளவில் அடங்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று முதல் அதிகரணத்தில் இருக்கிறது, அது போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதுபோல வலியவர் எளியவரை விழுங்கிக்கொண்டிருந்த நிலையைத் தாங்காமல், மக்கள் மனுவைத் தங்கள் அரசனாக்கி, விளைச்சலில் ஆறில் ஒரு பங்கையும் வணிகப் பொருளில் பத்தில் ஒரு பங்கையும் அவனுக்கு ஒதுக்கினார்கள் என்ற கதை அங்கே வருகிறது. அரசு மக்களின் ஒப்புதலால் பிறந்தது என்ற கொள்கை நம்மிடம் பழங்காலத்திலேயே இருந்தது என்று இந்தப் பகுதியை எடுத்துக்காட்டிப் பலர் பெருமைப்படுகிறார்கள். யார் வாயில் அந்தக் கதை வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். மக்கள் கூடும் இடங்களில் ஒற்றர்கள் இருவர் வழக்காடுவதுபோல நடிக்க வேண்டும். ஒருவர் அரசனைக் குறைகூற, மற்றவர் இந்தக் கதையைச் சொல்லி மறுக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களின் மனக்குறையை அதன் வழியாக அறிந்து அரசனிடம் சேர்க்க வேண்டும். குடிகள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய அரசன் மெய்யாகவே விரும்புகிறான். ஆனால் அது அவன் காதுக்கு வந்து சேரும் வழி ஒற்றாகத்தான் இருக்கிறது. குடிகளே வந்து நின்று தங்கள் குரலில் கேட்பதற்கு அங்கே இடம் அமைக்கப்படவில்லை.

வள்ளுவரிடம் வரும்போது காற்று மாறுகிறது. ‘படைகுடி கூழமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு’ என்று அவர் தொடங்கும் அரசின் உறுப்புகள், அரசனோடு சேர்த்தால் ஏழு. அர்த்தசாத்திரம் சொல்லும் ஏழு உறுப்புகளும் பெரும்பாலும் இவையே. ஒற்றாடலுக்கும் அவர் ஓர் அதிகாரம் ஒதுக்குகிறார். அதுவரை இருவரும் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள். பொருட்பால் 39-ஆம் அதிகாரமான இறைமாட்சியில் தொடங்கி 108-ஆம் அதிகாரத்தில் முடிகிறது; அதன் கடைசிப் பகுதியில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்று வறுமையைப் பற்றி அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் நிற்கின்றன. அரசனின் மாட்சியில் தொடங்கிய ஒரு நூற்பகுதி பிச்சைக்காரனின் திருவோட்டுக்கு அருகில் வந்து முடிகிறது. ‘இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்’ என்ற சாபம் அங்கேதான் இருக்கிறது. பொருளைப் பற்றிப் பேச வந்தவர், பொருள் இல்லாதவனைப் பேசாமல் முடிக்க மறுத்துவிட்டார்.

வரி பற்றி அவர் சொல்வதும் அத்தனை கூர்மையானது. செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் முறையின்றிக் கேட்பது, வேலைக் கையில் பிடித்துக்கொண்டு வழிப்பறிக்காரன் கேட்பதற்கு நிகர் என்கிறார். ஆனால் கொடுங்கோன்மைக்கு எதிராகக் குடிகள் கையில் அவர் எதை வைக்கிறார்? ‘அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை.’ கண்ணீரைப் படை என்று சொன்ன மனத்தின் ஈரம் பெரிது. நான் அந்தக் குறளைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் நனைகிறேன். அதே சமயம், அழுவதைத் தவிர அந்தக் குடிக்கு வேறு படை தரப்படவில்லை என்ற உண்மையும் அந்தக் குறளிலேயே இருக்கிறது. பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்று பாடியவர் காலத்திலும், அந்த ஒன்றைக் காட்டி ஒருவன் ஊர்மன்றத்தில் வழக்காட முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

சங்கப் புலவர்கள் இந்த இடைவெளியில் நின்றவர்கள். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் பாடி, தம் நிலத்தின் மேல் நின்ற வரிப்பாக்கியைத் தள்ளுபடி செய்வித்துக்கொண்ட செய்தியைப் புறநானூற்றின் 35-ஆம் பாட்டு நமக்குத் தருகிறது. போர்ப்படை தரும் வெற்றியும் உழுபடையின் சாலில் விளைந்ததன் பயனே என்று அவர் அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் உலகம் காவலரைத்தான் பழிக்கும் என்றும் எச்சரிக்கிறார். என் கண்ணுக்கு அது ஒரு மனு. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய மனுக்களில் அதுவும் ஒன்று என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஆனாலும் அதை எழுதப் புலமை வேண்டியிருந்தது, அவைக்குள் நுழையும் உரிமை வேண்டியிருந்தது. புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரல் இரும்பொறை மரபினர் சமணத் துறவிக்குக் கற்படுக்கை செய்வித்த செய்தியைப் பொறித்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகளை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று தலைமுறை மன்னர் பெயர்கள் அதில் உள்ளன. படுக்கையைச் செதுக்கிய கல்தச்சன் பெயர் இல்லை.

கொங்குவேளிர் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. விசயமங்கலத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அவர் எழுதிய பெருங்கதையை உ. வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தார். முதலும் இறுதியும் கிடைக்காத நூல் அது. உதயணன் கதையைச் சொல்வதாகத் தோன்றினாலும், என் வாசிப்பில் அதன் மையம் அமைச்சன் யூகி. பொறியானையால் ஏமாந்து பகைவன் சிறையில் வாடும் அரசனை மீட்க அவன் பித்தனாக வேடமிடுகிறான். பின்னர் இழந்த நாட்டை மீட்க மகதத்தின் நட்பு தேவை என்றபோது, அரண்மனைக்குத் தீ வைத்து, அரசி வாசவதத்தை இறந்தாள் என்று அரசனையே நம்பவைத்து, மகத இளவரசியை அவன் மணக்கும் நிலையை உண்டாக்குகிறான். துணையும் சூழ்ச்சியும் பற்றி அரசு நூல்கள் விதியாகச் சொன்னதைக் கொங்கு நாட்டுச் சமணப் புலவர் ஒருவர் மனித உயிர்களின் துயரமாக ஆக்கிக் காட்டினார். அரசு பிழைக்கிறது; அதற்காக ஒரு கணவனின் அழுகை கருவியாகிறது. அரசியலைக் கதையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைக்கும் நூல் இதுதான்.

உத்தரமேரூரின் குடவோலையை இங்கே சேர்க்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவதுண்டு. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டு விதிகளின் நுட்பம் வியக்கத்தக்கது: கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது என்பது இன்றைக்கும் வேண்டிய விதி. ஆனால் அது பிராமணர்களின் சபை; நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இருந்தவர்களே குடத்தில் பெயர் எழுதப்படத் தகுந்தவர்கள். அந்த நிர்வாக நேர்த்தியை மதிப்போம். அதையே மக்களாட்சியின் பிறப்பு என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, கேட்பவர்கள் வரும் காலம்.

இரட்டைமலை சீனிவாசன் கோவையில் படித்தவர். உடன் படித்தவர்களுக்குத் தம் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால், பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவேன் என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் தடையின்றி நடக்கவும் பயன்படுத்தவும் உரிமையுடையவர் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். கரூர்க் கல்வெட்டையும் இந்தத் தீர்மானத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுமே மனிதர்கள் தெருவில் நடப்பதைப் பற்றியவை. முதலாவதில் அரசன் ஒரு சாதியாருக்கு ஒரு சலுகையை அருளினான். அடுத்த சாதியாருக்கு அது பொருந்தாது, அடுத்த அரசன் அதைத் திரும்பப் பெறவும் கூடும். இரண்டாவதில், மறுக்கப்பட்டவரே எழுந்து, இது எல்லோருக்கும் முன்பே உரியது, அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். அரசியல் சிந்தனையில் நேர்ந்த மாற்றத்தை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டிய வேறு சான்று இல்லை.

அந்தத் தீர்மானத்துக்கு மறு ஆண்டு, 1925 மே 2-ஆம் நாள், ஈரோட்டிலிருந்து குடிஅரசு வார இதழ் வெளிவரத் தொடங்கியது. பெரியாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய எதிர்ப்பையே பேசுகிறார்கள். அவர் நிர்வாகத்தை உள்ளிருந்து அறிந்தவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காங்கிரசில் சேர்வதற்கு முன்பு அவர் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தார். குழாய் வழியாகக் குடிநீர் வழங்குவதும் தெருக்களை அகலப்படுத்துவதும் அவர் கையால் நடந்த வேலைகள். அரசு எப்படி இயங்குகிறது என்று தெரிந்த ஒருவர்தான், அரசு மட்டும் மாறினால் போதாது, வீடும் கோயிலும் திருமணமும் மாற வேண்டும் என்று சொன்னார். பழைய அரசு நூல்கள் அரசனுக்கு அறம் சொல்லின. அவர் குடிமகனிடம் பேசினார், அதுவும் கொங்குப் பேச்சுவழக்கின் நேர்மையோடு, மேடைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் மறுத்துக் கேட்கலாம் என்ற அனுமதியோடு பேசினார். அம்பேத்கர் லாகூரில் ஆற்ற முடியாமற்போன உரை 1936-இல் அவராலேயே அச்சிடப்பட்டபோது, அதைச் ‘சாதியை ஒழிக்கும் வழி’ என்று தமிழில் தொடராகக் கொண்டுவந்ததும் குடிஅரசுதான். நெசவும் மஞ்சளும் பேசப்பட்ட ஒரு சந்தை ஊரின் அச்சகத்தில் அந்த எழுத்துகள் கோக்கப்பட்டன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

நம் பகுதியிலிருந்து இன்னொருவரையும் சொல்ல வேண்டும். குமாரமங்கலம் ஜமீன்தாரான டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். 1928-இல் அவருடைய அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமை ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்: ஒவ்வொரு 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அந்த ஏற்பாடு 1951-இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், அதே ஆண்டு முதல் திருத்தத்தின் மூலம் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4) அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. அந்த 12-இல் 1 என்னும் எண்ணை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களும், தங்களுக்குக் கீழே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் பங்கை அளந்தபோது கையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

கொங்கு நாட்டில் இது வெறும் வரலாறு இல்லை. கவலை இறைப்புக்கான தோல் சாமான்களைத் தைத்தவர்களும் ஊராருக்குச் செருப்புத் தைத்தவர்களும் அருந்ததியர். தாம் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாதவர்களாக அவர்களே இருந்தார்கள். கம்மாளருக்கு ஓர் ஆடி மாதத்தில் கிடைத்த அனுமதி, பல நூற்றாண்டுகள் கழிந்த பின்பும் இவர்களை வந்தடையவில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த ஊர்களை என் தலைமுறையில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். பட்டியல் வகுப்பினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காட்டை 2009-இல் தமிழ்நாடு சட்டமாக்கியபோது, அதுகூடத் தேவையா என்று கேட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்னபோது, அந்தச் சபையில் திருச்செங்கோட்டுக்காரரான காளியண்ணனும் உறுப்பினராக இருந்தார். எச்சரிக்கை நம் ஊர்வரை எட்டும் தூரத்தில்தான் ஒலித்திருக்கிறது.

என் மேசைக்கு நேரடியாக வரும் உரிமை ஒன்றைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. கௌடில்யரும் பெண்ணின் சொத்தை ஏற்றவர்தான்: பிழைப்புக்கென 2000 பணம் வரை ஒரு வைப்பும், அளவு வரையறுக்கப்படாத அணிகலன்களும் அவளுடையவை என்று அவர் விதித்தார். ஆனால் குடும்ப நிலத்தில் மகனுக்கு நிகராக மகளும் பிறப்பிலேயே பங்காளி என்ற கருத்து அங்கிருந்து வெகு தொலைவில் இருந்தது. செங்கல்பட்டின் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை ஆயிற்று; அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு எல்லா மகள்களும் உள்ளே வந்தார்கள். அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற ஐயத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-இல் நீக்கியது.

சட்டம் இவ்வாறு ஒவ்வொரு படியாக ஏறி வந்து நிற்கும் இடத்தில்தான், குடும்பச் சொத்தில் தன் பங்கை ஒருவர் விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் இருக்கிறது. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் நடக்கும்போது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு உள்ள மதிப்பை எல்லோரும் அறிவோம். அவள் வந்து நிற்காமல் சடங்கு நகராது. அதே உடன்பிறந்தவள் சில ஆண்டுகள் கழித்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துவரப்படுகிறாள். “அண்ணன் வரச் சொன்னாருங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க” என்பாள். என்ன நிலம், எவ்வளவு, அதில் தன் பங்கு எத்தனை, இன்று அதன் வழிகாட்டி மதிப்பு என்ன என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது. பத்திரத்திலோ, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாக, விவரம் முழுவதும் தெரிந்து விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கும். சீரும் நகையும் போட்டுத்தானே அனுப்பினோம் என்று வீட்டார் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கடன் வாங்கிச் சீர் செய்த அண்ணன்மாரை நான் அறிவேன். ஆயினும் நகை என்பது கொடுக்கப்பட்டது, பங்கு என்பது உரியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஈடுகட்டிவிட்டதாக நினைக்கும்போது, நாம் மறுபடியும் கோனேரின்மைகொண்டானின் ஆணைக்கே திரும்பிப் போகிறோம்.

ஆகவே என் மேசையில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். விடுதலைப் பத்திரம் எழுதும் முன் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, சர்வே எண், விஸ்தீரணம், அவளுடைய பங்கு, அதன் மதிப்பு ஆகியவற்றை உரக்கப் படித்துச் சொல்கிறேன். “அம்மிணி, இது உங்களுக்கு உரியது, விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்” என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். சிலர் எல்லாம் தெரிந்தே மனமுவந்து கையெழுத்திடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை, உரியவர் கொடுப்பது அவர் உரிமை. சிலர் யோசிக்க நாள் கேட்கிறார்கள். சில பெரியவர்கள் என்மேல் கோபித்துக்கொண்டு வேறு எழுத்தரிடம் போகிறார்கள்.

தனி ஒருவர் வழக்கத்தால் இது தீராது. பதிவு அலுவலர் இப்போது கேட்பது, எழுதிக்கொடுத்தவர் இவர்தானா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பவற்றை. பெண்கள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களில், உறவினர் யாரும் அருகில் இல்லாமல் அவரைத் தனியே அழைத்து, பங்கின் அளவையும் மதிப்பையும் தமிழில் சொல்லி, தெரிந்துகொண்டதாக அவர் சொன்ன பதிலைப் பத்திரத்தின் பின்புறத்தில் பதிய வேண்டும் என்று விதிகளில் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும். அதற்கான மனுவைத் தொழிலில் உள்ள மற்றவர்களோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கௌடில்யர் சொன்ன ஆறு குணங்களும் அதில் இருக்குமாறு திருத்தி வருகிறோம். பதிவுத்துறைக்கு அனுப்பும் முன், சொந்தப் பங்கை எழுதிக்கொடுத்த அனுபவமுள்ள பெண்கள் அதைப் படித்து, விடுபட்டதைச் சொல்லித் தந்தால் நன்றியுடன் சேர்த்துக்கொள்வோம்.